உப்புத் தண்ணீர் வீடு

"ஆசீட்... பினாயில்..." என்று தெருமுனையில் குரல் கேட்டதும் அம்மா காலிப் பாட்டில் தேடுவாள். 1989. சென்னை மடிப்பாக்கத்துக்கு நாங்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கேன்கள் தொங்க, ஆசிட்காரர் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். "ஒண்ணா, ரெண்டாக்கா?" என்று கேட்டபடியே புனலை வைத்து ஊற்றுவார். பாட்டில் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை எழும். மூக்கின் உள்ளே சுரீரென்று ஏறும். அது ஆரஞ்சு ஸ்குவாஷ் இருந்த பாட்டில். லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை. அது குளியலறை மூலையில், தரையிலேயே இருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு. இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அம்மா அம்பாசமுத்திரத்துக்காரி. அங்கே தாமிரபரணித் தண்ணீரில் சோப்பு இரண்டு தேய்ப்பில் நுரைத்துவிடும். மடிப்பாக்கத்து போர் தண்ணீரில் அதே சோப்பு திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாக மிதக்கும். பருப்பு வேகாது. வாளியில் வெள்ளை வளையம் விழும். குழாயின் மூக்கில் பல்லில் காரை ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போகும். "உப்புப் புடிச்சுப் போச்சுலே" என்பாள்.

எல்லோரும் உப்பு என்றுதான் சொல்கிறோம். அந்த வெள்ளைப் பொருக்கில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பியின் விளிம்பு காய்ந்து இறுகிக் கிடக்குமே, அதுவும் இதுவும் ஒன்றுதான். மண்ணுக்குள் கரைந்து வருகிற சுண்ணாம்பு, தண்ணீர் காயும்போதும் சூடேறும்போதும் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. கீசர் கம்பியில் ஓடு கட்டுவதும் இதனால்தான். குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர நிர்ணயம். சோப்பு நுரைக்காத தண்ணீரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவளுக்கு அந்த எண்ணெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஆசிட்காரர்தான் வந்தார்.

அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் ஊரிலிருந்து மாமா குடும்பம் வருவதாக இருந்தது. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குளியலறைத் தரையில் ஆசிட்டை அப்படியே ஊற்றினாள். தரை புஸ்ஸென்று பொங்கியது. "பாத்தியா, எம்புட்டு அழுக்கு!" என்றாள். பொங்கியது அழுக்கு மட்டுமல்ல. அது மொசைக் தரை. மொசைக்கில் பதித்திருக்கும் சின்னச் சின்ன மார்பிள் சில்லுகளும் கால்சியம் கார்பனேட்தான். எது கறை, எது தரை என்று ஆசிட்டுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்தத் தரை அதற்குப் பிறகு பளபளக்கவே இல்லை. சொரசொரப்பான குழிகளில் அழுக்கு இன்னும் சீக்கிரமாகத் தங்கியது. உடனே மறுபடி ஆசிட்.

நடந்ததில் தரை போனது பெரிதில்லை. மூலையில் கறுப்பாக இருந்த பாசிக்காக அம்மா, ஈரம் காய்வதற்குள் பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவிவிட்டாள். நீச்சல்குள நாற்றம் நூறு மடங்காக வந்தது. வாசலில் நின்ற என் கண்ணில் மிளகாய்த்தூள் பட்டதுபோல எரிந்தது. "ஏலே, தம்பியத் தூக்கிட்டு வெளிய ஓடு!" என்று கத்தினாள். கத்துவதற்காக மூச்சை இழுத்தாள் அல்லவா, அதோடுதான் அந்த நாற்றம் அவளுக்குள் போனது. இரண்டு நாள் அம்மா படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருமினாள். பலகாரம் அடுப்பேறவில்லை.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்கருகே பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்கள் மீது ஜெர்மன் படை திறந்துவிட்டதும் அதே வாயுதான். காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். ஒற்றைச் சன்னல் வைத்த குளியலறையில், குனிந்து தேய்க்கிற பெண்ணின் முகத்துக்கு நேரே தேங்கும். இரண்டு பொருளையும் ஒரே அலமாரியில் பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கும் வீட்டைப் பார்த்தால் இன்றும் நான் சும்மா திரும்பி வருவதில்லை.

ஆசிட்காரரின் குரல் எங்கள் தெருவில் எப்போது நின்றது என்று சரியாக நினைவில்லை. ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி அகர்வால் தொடர்ந்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வாங்குபவரின் அடையாள அட்டையும் வாங்கும் காரணமும் இல்லாமல் கடையில் ஆசிட் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது என்று உத்தரவிட்டது. குளியலறைக்கு என்று வாங்கிய பாட்டில்கள் எத்தனை பெண்களின் முகத்தில் வீசப்பட்டன என்பதை அந்த வழக்குதான் நாட்டுக்குச் சொன்னது. ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த காலம் திரும்ப வரவே கூடாது.

இப்போது நான் குழாய்க் கறைக்கு எலுமிச்சை உப்புதான் வாங்குகிறேன். மளிகைக் கடையில் கிடைக்கிற சிட்ரிக் அமிலம். 1774-ல் குளோரினை முதன்முதலில் பிரித்தெடுத்த கார்ல் ஷீலெதான் பத்து வருடம் கழித்து, 1784-ல், எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதையும் படிகமாக எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். கை பொறுக்கிற வெதுவெதுப்பு போதும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரைய மறுத்துத் திரும்பப் படியும். பழைய பனியன் துணியை அதில் நனைத்துக் குழாயில் சுற்றி, அரைமணி நேரம் விட்டுவிடுவேன். அதற்கு மேல் விடுவதில்லை. குழாயில் பளபளக்கிற குரோமியப் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. அடியில் இருப்பது பித்தளை. கடை ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அந்தப் பூச்சைத் தின்றுவிடும். கழிப்பறைக் கோப்பைக்கு என்று விற்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் அதுதான். அது பீங்கானோடு நிற்கட்டும்.

புளியையும் போட்டுப் பார்த்தேன். அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்குவாளே என்ற நினைப்பில். பித்தளைக் களிம்பைப் புளியின் டார்டாரிக் அமிலம் எடுத்துவிடும். சுண்ணாம்போடு சேர்ந்தாலோ கரையாத இன்னொரு வெள்ளைப் பொருளாகி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். விளக்குக்குப் புளி, குழாய்க்கு எலுமிச்சை.

போன ஞாயிற்றுக்கிழமை ஷவர் தலையை அந்தக் கரைசலில் மூழ்கும்படி ஒரு பிளாஸ்டிக் பையில் விட்டு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். கையுறை போட்டிருந்தேன், சன்னல் திறந்திருந்தது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பைக்குள் கடுகு அளவுக்கும் சிறிய குமிழிகள் ஒவ்வொரு துளையிலிருந்தும் நூல் பிடித்ததுபோல ஏறின. வாசனையே இல்லை. அவள் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "இது என்னத்தப் போயி எடுக்கும்?" என்றாள். "கொஞ்ச நேரம் இரும்மா" என்றேன்.

குமிழிகள் மெல்ல மெல்ல அடங்கின. பையை அவிழ்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு தடவை தேய்த்து, நிறைய நீர் விட்டுக் கழுவித் திறந்தேன். ஒரு வருடமாகக் கோணலாகச் சிதறிக்கொண்டிருந்த தண்ணீர் நேராக விழுந்தது. அம்மா எழுந்து வந்து, புடவை நனைவதைப் பொருட்படுத்தாமல் கையை நீட்டினாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"வலப்பக்கம் ஓரத்துல ஒண்ணு இன்னும் அடைச்சிருக்கு பாருலே. அந்தப் பையத் திரும்பக் கட்டு."