சந்தாவும் தோட்டாவும்

எங்கள் பெரியப்பா குன்னூரில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். கொசுவை அடிக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆசாமி. ஆனால் அறுபதுகளில் நீலகிரி வேட்டைச் சங்கத்துக்கு அவரைப் போல ஆள் பிடித்தவர் மலையிலேயே கிடையாது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். துரை அதில் உறுப்பினர், ஆகவே பெரியப்பா அதன் விசுவாசி. வெள்ளைக்காரத் துரை போய் நம்மூர்த் துரை வந்த பிறகும் விண்ணப்பப் படிவங்கள் பெரியப்பாவின் மேஜை டிராயரில்தான் இருந்தன.

சங்கம் 1877-ல் பிறந்தது. அதைத் தொடங்கியவர்கள் ஜீவகாருண்யச் சீலர்கள் அல்லர். ஆளாளுக்கு இஷ்டம்போலச் சுட்டுத் தள்ளினால் அடுத்த சீசனுக்குச் சுட எதுவும் மிஞ்சாதே என்று கவலைப்பட்டவர்கள். இரண்டே வருஷத்தில், 1879-ல், நீலகிரிக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. கடமான், கேளையாடு, வரையாடு, முயல், காட்டுக்கோழி, காடை எல்லாம் அதன் பட்டியலில் ஏறின. சீசன் இல்லாத மாதங்களில் தொடக் கூடாது. பிற்பாடு லைசென்ஸும் கட்டாயமானது. செந்நாய் மட்டும் பாவம், அந்தப் பட்டியலில் இல்லை. துரைமார் சுட வேண்டிய மானை அது முந்திக்கொண்டு தின்றுவிடுகிறது என்பதால் அதன் தலைக்குப் பரிசுப் பணம் இருந்தது.

பெரியப்பா ஆள் சேர்க்கும் விதம் தனி. கோயம்புத்தூரிலிருந்து வரும் மில் முதலாளியிடம், “சுடறவன்தாங்க காப்பாத்துவான். சுடாதவனுக்கு அது இருந்தா என்ன, செத்தா என்ன?” என்பார். முதலாளிகளுக்கு இந்தத் தத்துவம் உடனே பிடித்துவிடும். காசு கொடுத்தால் புண்ணியமும் கொம்பும் சேர்ந்து கிடைக்கிற இடம் வேறெங்கே உண்டு?

நான் கேலியாகச் சொன்னாலும் அந்தத் தத்துவத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. வரையாட்டில் முதுகு நரைத்த முதிர்ந்த கிடாவை மட்டுமே சுடலாம் என்று விதி. தூரத்திலிருந்து பார்த்தால் மந்தை முழுக்கப் பாறை நிறம். கீழேயிருந்து ஏறிப் போனால் அது பார்த்துவிடும், ஏனென்றால் அதன் கண் எப்போதும் பள்ளத்தின் மேல்தான். எனவே சுற்றிக்கொண்டு மேலே போய், காற்றுக்கு எதிராக, பனியில் நனைந்த புல்லில் வயிற்றால் ஊர்ந்து இறங்க வேண்டும். அத்தனையும் செய்து முடித்தால் எதிரே நிற்பது பெட்டையாக இருக்கும். இப்படி வெறுங்கையோடு திரும்பிய முதலாளிகளுக்கு வரையாட்டைப் பற்றித் தெரிந்த அளவு இன்று எங்களில் பலருக்குத் தெரியாது.

அதே காலத்தில், தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயானுக்குக் கூழ் வேண்டும் என்று அரசாங்கமே புல்வெளி மேல் சீகையும் தைலமரமும் நட்டுக்கொண்டிருந்தது. ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் வரையாட்டின் மேய்ச்சல் குறைந்தது. அதற்கு லைசென்ஸும் தேவைப்படவில்லை, சீசனும் பார்க்கவில்லை.

பிறகு 1972-ன் வனவிலங்குச் சட்டம் வந்தது. துப்பாக்கிகள் பரணுக்குப் போயின. சங்கம் சாகவில்லை. அதன் பெயரில் இப்போது வேட்டை இல்லை, வனவிலங்கும் சுற்றுச்சூழலும்தான். சங்கத்தோடு நெடுங்காலம் தொடர்பில் இருந்த வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் மலை மலையாக ஏறி வரையாடுகளை எண்ணினார். இன்று தமிழ்நாடு அரசு அவர் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. 2024 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள். வேட்டைச் சங்கத்தின் பரம்பரையில் வந்தவர் பெயரால் மாநில விலங்குக்கு ஒரு நாள் என்றால், பெரியப்பா இருந்திருந்தால் காலரைத் தூக்கிவிட்டிருப்பார்.

இப்போது ஆள் பிடிப்பது என் முறை. சங்கம் வேறு, நாலு ரிட்டயர்ட் ஆசாமிகள் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு. “சேர்ந்தா என்ன சார் கிடைக்கும்?” என்று கேட்கிறார்கள். பெரியப்பாவுக்கு இந்தக் கேள்விக்குச் சுவரில் மாட்டக்கூடிய பதில் இருந்தது. நான், “ஞாயிற்றுக்கிழமை வந்து சீகைக் கன்று பிடுங்கலாம்” என்கிறேன். முகூர்த்தி தேசியப் பூங்காவுக்கு ஃப்ரீ என்ட்ரி உண்டா என்கிறார்கள். இல்லை என்றால், வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள். சேர்ந்ததும் ஆப்பிரிக்கச் சிங்கத்தின் வீடியோ அனுப்புகிறார்கள்.

போன மாதம் கேத்திப் பக்கம் ஒரு கேரட் விவசாயியிடம் படிவத்தை நீட்டினேன். பெரியப்பாவின் வசனத்தையே கொஞ்சம் திருத்தி, “வளர்க்கறவங்கதாங்க காப்பாத்தணும்” என்று ஆரம்பித்தேன். மனிதர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கம்பி வேலி சாய்ந்து கிடந்த இடத்தைக் காட்டினார்.

“ராத்திரியானா ஏழெட்டு காட்டுமாடு இதுல இறங்குதுங்க சார். சந்தா நான் தினமும் கட்டிட்டுத்தான இருக்கேன்? நீங்க ரசீது மட்டும் போட்டுக் கொடுங்க.”