கோடு பார்ப்பவர்

திருவாரூருக்குத் தேரழகு, மன்னார்குடிக்கு மதிலழகு என்று காவிரிப் படுகையில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு, இராஜகோபாலசுவாமி கோயிலின் சுற்று மதிலைக் குறித்து எழுந்ததேயாயினும், அக்கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களில் வீடு கட்டியவர்களும் சுவர் விஷயத்தில் தாங்கள் சளைத்தவர்கள் அல்லர் என்று காட்ட விரும்பியவர்களாகவே தோன்றுகின்றனர். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கொல்லை என்று தெருவிலிருந்து பின்னோக்கி நீண்டுகொண்டே போகும் அவ்வீடுகளில், வெயிலைத் தடுப்பதற்காக எழுப்பிய கனத்த செங்கற்சுவர்கள் இன்று வைஃபை அலைகளையும் அதே கடமையுணர்ச்சியோடு தடுத்துவருவதால், ரேழியில் தங்குதடையின்றிப் படம் ஓடும் கைபேசி அடுக்களையை எட்டியதும் வெறும் வட்டம் சுற்றத் தொடங்குகிறது. இக்குறையைப் பற்றிக்கொண்டு தழைத்த ஒரு சமூக வகையினரே ஈண்டு ஆராயப்படும் 'கோடு பார்ப்பவர்'.

கைபேசித் திரையின் மேலோரத்தில் விசிறிபோல் விரிந்து நிற்கும் வளைகோடுகளை எண்ணிக் குறையையும் தீர்வையும் ஒருங்கே அறிவிப்பவர் என்று இவரை வரையறுக்கலாம். அரசுப் பணியிலிருந்தோ வங்கியிலிருந்தோ ஓய்வுபெற்றவராகவும், தெருவில் பாதிப் பேருக்குச் சித்தப்பாவாகவும், கூலி வாங்காதவராகவும் இருப்பது மரபு; கூலி வாங்கினால் வேலை முடிந்ததா என்று கேட்பார்கள் அல்லவா? இவருடைய முறை புதிதன்று. 1982ஆம் ஆண்டில் இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியபின், கடலுக்கு அக்கரையிலிருந்து வரும் படத்தைப் பிடிப்பதற்காக டெல்டாவின் மொட்டைமாடிகளில் அலுமினிய ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த இளைஞர்களே நாற்பதாண்டுகள் கழித்து இவ்வாறு முதிர்ந்திருக்கின்றனர். அன்று மாடிக்கும் கூடத்துக்கும் இடையே நடந்த உரையாடல் இன்று ரேழிக்கும் கொல்லைக்கும் இடையே நடக்கிறது:

"இப்ப எத்தன கோடு?"

"ஒண்ணு, சித்தப்பா."

"நவுராம நில்லு. இப்ப?"

"அதுவும் போச்சு."

வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றியே பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005இல் அனுமதித்தது. அவ்விலக்கு கருவிகளுக்கு மட்டுமே உரியது என்பதைக் கோடு பார்ப்பவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அலையின் இயல்பைப் பற்றி அவர் கூறுவன முழுவதும் தவறென்று தள்ளுவதற்கும் இல்லை. இன்றைய ரூட்டர்களில் பல, ஏறத்தாழ 12 செ.மீ. நீளமுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையையும், அதில் பாதி நீளமே உள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலையையும் வெளியிடுகின்றன. முன்னது தரவை மெதுவாகக் கொண்டுசென்றாலும் சுவரைத் தாண்டும் திறன் சற்றுக் கூடியது, பின்னது வேகம் மிக்கதாயினும் இரண்டாம் சுவரிலேயே களைத்துவிடுவது. கண்ணாடி பதித்த இரும்பு பீரோ அலையைத் திருப்பி அடிக்கிறது. ஐப்பசி மழையில் ஊறிய சுவர் அதை உறிஞ்சுகிறது. சம்பா அறுவடைக்குப் பின் இரண்டாங்கட்டில் பத்தாயம் நிரம்பியிருந்தால், அதிலுள்ள நெல்லின் ஈரமும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பும் மானிகளில் பல, நீர் மின்புலத்துக்குக் காட்டும் இதே இயல்பைக் கொண்டே ஈரத்தை அளக்கின்றன என்பதால், ஒரே நெல் ஊரில் இரண்டு இடங்களில் வழக்கைக் கிளப்புகிறது எனலாம்.

இவ்வளவும் அறிந்தவர் செய்யாத காரியம் ஒன்றே ஒன்று: ரூட்டர் பெட்டியை இடம் மாற்றுவது. கண்ணாடியிழைக் கம்பியைத் தெருக்கம்பத்திலிருந்து இழுத்து வந்த பையன், அது எட்டிய முதற்சுவரில், அதாவது ரேழியில் மின்மீட்டருக்குப் பக்கத்தில், ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போன அவ்விடம் ஆகம விதிப்படி பிரதிஷ்டை செய்யப்பட்டதாகவே குடும்பத்தால் கருதப்படுகிறது. நடு முற்றத்துத் தாழ்வாரத்தில் வைத்தால் அலை இருபுறமும் பரவும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொன்னால், சாரல் அடிக்கும் என்று பாட்டி தடுத்துவிடுகிறார். உண்மையில் சாரல் அடிக்கும். கோடு பார்ப்பவர் பரிந்துரைப்பது, வரும் அலையை வாங்கி மீண்டும் வெளியிடும் ரிப்பீட்டர் என்னும் சிறு கருவியை. அலை ஓரளவேனும் வந்துசேரும் கூடத்தில் அதைப் பொருத்தினால் பயனுண்டு. அவரோ, குறை அடுக்களையில்தான் என்பதால், ஒரு கோடும் எட்டாத அடுக்களையிலேயே, மிக்சிக்குப் பக்கத்து பிளக்கில் சொருகிவிடுகிறார். பச்சை விளக்கு எரிகிறது. ரிப்பீட்டர், வந்துசேராத அலையைத் தவறாமல் திருப்பி வெளியிடுகிறது.

நூறு மீட்டர் வரை சோர்வின்றிச் செல்லக்கூடிய ஈதர்நெட் கம்பி ஒன்றை உத்தரத்து ஓரமாக இழுத்துக் கொல்லைக்கட்டில் இன்னொரு பெட்டியை மாட்டினால் வழக்கு அன்றே தீரும். ஆனால் அதை எலி கடிக்கும் என்கிறார் அவர். கம்பி வந்தபின் தம்மை யார் அழைத்துக் காப்பி கொடுப்பார்கள் என்ற கவலையும் எலியோடு சேர்ந்தே இருக்கக்கூடும்.

இதற்கிடையே வீட்டு மருமகள், கொல்லைச் சுவருக்கு மேலாகக் கொஞ்சம் முருங்கைக்கீரையைக் கொடுத்து, அடுத்த தெருக்காரர்களின் கடவுச்சொல்லை வாங்கிவைத்திருப்பார். அவர்கள் வீட்டுப் பெட்டி பின்னறையில் இருப்பதால் இவ்வீட்டு அடுக்களையில் கோடுகள் நன்றாகவே நிற்கின்றன. கோடுகளை மட்டுமே எண்ணிப் பழகிய சித்தப்பா, அவை எந்தப் பெயருக்கு உரியவை என்று பார்ப்பதில்லை. ரிப்பீட்டரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, டபரா செட்டில் வந்த இரண்டாம் காப்பியையும் பெற்றுக்கொள்கிறார். சாயங்காலமானால் நெட் இழுக்கிறது என்று அடுத்த தெரு வீட்டாரும் அவரையே அழைக்கின்றனர். அங்கும் கோடுகளை எண்ணி, உள்ளே முழுதாக இருப்பதையும் கொல்லையில் ஒன்று குறைவதையும் கண்டு, தமது வழக்கத்துக்கு மாறாக அவர் அவ்வீட்டுப் பெட்டியை இன்னும் இரண்டு முழம் கொல்லைப் பக்கமாக நகர்த்தி வைக்கச் சொல்கிறார்.