கரண்ட் போனால் தெரியும் சம்ப்பின் யோக்கியதை

ஜவ்வாது மலை மேலே பார்த்துப் பெயர் வாங்கிய மலை. காவலூர் வானாய்வகத்தில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு நட்சத்திரங்களை அண்ணாந்து பார்ப்பதே உத்தியோகம். அதே மலையில், நெல்லிவாசல்நாட்டில், நான் மட்டும் மேசைக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே தெரிவது பால்வீதி அல்ல, என் மீன் தொட்டியின் சம்ப்.

சம்ப் வைக்கப்போகிறேன் என்றதும் வீட்டு உரிமையாளர் பதறிவிட்டார். வாசலில் பள்ளம் தோண்டி சிமென்ட் பூசப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். "பள்ளமெல்லாம் இல்லைங்க, ஒரு டப்பாதான்" என்று காட்டிய பிறகே மூச்சு விட்டார்.

அந்த டப்பா, தொட்டியின் தலைமேல் உட்கார்ந்திருந்த அக்ரிலிக் ஃபில்டர். தண்ணீரை மேலே இழுத்து, பஞ்சு வழியாகவும் செராமிக் வளையங்கள் வழியாகவும் சொட்ட விடும். வேலையில் குறை இல்லை, அழகில்தான் குறை. "என்னங்க, மீனைவிட அந்த டப்பாதான் பெருசா தெரியுது" என்றாள் மனைவி. டப்பாவைக் கீழே இறக்குவது என்று அன்றே முடிவானது.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு சம்ப் புதிதல்ல. மேலேரி நிறைந்தால் கலங்கல் வழியே கீழேரிக்குத் தண்ணீர் போகும் அல்லவா, அதேதான். இங்கே கீழேரியிலிருந்து மேலேரிக்குத் தண்ணீரைத் திருப்பி அனுப்ப ஒரு மோட்டார் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். கீழ் டப்பாவில் மூன்று அறைகள். முதல் அறைப் பஞ்சு அழுக்கைப் பிடிக்கும். நடு அறை வளையங்களில் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். மூன்றாவது அறை மோட்டாருக்கு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்த நடு அறைக்காரர்கள். உண்மையில் நாம் வளர்ப்பது பாக்டீரியாவை. மீன்கள் அதற்குத் தீனி தயாரிக்கும் ஊழியர்கள். ஊழியர்களுக்குச் சாப்பாடு போடுவது நாம்.

அறை பிரிக்கத் தடுப்பு ஒட்ட வேண்டும். கண்ணாடியைக் கெட்டியாகப் பிடிக்கும் சிலிக்கான் பசை, அக்ரிலிக்கில் அவ்வளவு பிடிக்காது. பெயர்ப்பலகை செய்கிறவர்கள் அதற்குக் குளோரோஃபார்ம் வைத்திருப்பார்கள். அது ஒட்டுவதில்லை. பலகையின் மேற்பரப்பையே கரைத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவன் திருப்பத்தூரில் கடை கடையாக ஏறி, "குளோரோஃபார்ம் கிடைக்குமா?" என்று கேட்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கடைக்காரர் முதலில் பார்ப்பது உங்கள் கையில் கைக்குட்டை இருக்கிறதா என்றுதான். வாங்கினால் ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். மயங்கி விழ வேண்டியது கதாநாயகி, நீங்கள் அல்ல.

அடுத்தது மோட்டார். பெட்டியில் மணிக்கு 1,000 லிட்டர் என்று அச்சடித்திருக்கும். அது ஏறவேண்டிய உயரமே இல்லாதபோது கிடைக்கும் கணக்கு. மேசை உயரத்துக்கு ஏற்றச் சொன்னால் பாதி வருவதே பெரிய மனசு.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். கொஞ்ச நேரம் தண்ணீரின் போக்கையே பார்த்தார்.

"ஏன் சார், தண்ணி எதுக்குக் கீழ போவுது?"

"சுத்தமாகத்தான், பெரியவரே."

"அப்புறம்?"

"மறுபடி மேலே வந்துரும்."

"இவ்வளவுக்கு மீனை ஓடையிலயே விட்டிருக்கலாம். அங்க கரண்டும் போவாது."

கடைசி வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. மழையோடு காற்று அடித்தால் மலையில் எங்கோ ஒரு கிளை கம்பிமேல் சாயும். மோட்டார் நிற்கும். ஆனால் தண்ணீர் நிற்காது. மேலே ஏற்றிய அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கும். என் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம். ஒரு சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் 2.7 லிட்டர். குழாய் வாய் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர் கீழே வரும். டப்பாவில் காலியிடம் 12 லிட்டர்தான். மிச்சம் 15 லிட்டர், பக்கத்தில் இருக்கும் சாமை மூட்டைக்கு. அதனால் குழாய் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நிறுத்தி, மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளையும் போட்டேன். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து இறக்கத்தை அறுத்துவிடும்.

கரண்ட் திரும்பி வரும்போது இன்னொரு கண்டம். கீழே இறங்கும் குழாயில் காற்று அடைத்துக்கொண்டால், மோட்டார் தன் அறையில் உள்ளதையெல்லாம் மேலே தள்ளும். அந்த அறையில் 5 லிட்டர் என்றால் மேலே மட்டம் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயரும். தொட்டி விளிம்பில் 3 சென்டிமீட்டர் இடம் விட்டிருந்தால் தரை நனையாது. நீண்ட நேரம் கரண்ட் வராவிட்டால் மீன்களுக்கும் பாக்டீரியாக்களுக்கும் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

கரண்ட் இருக்கும்போது எந்த சம்ப்பும் நல்ல சம்ப்தான். சரியாக நிற்கத் தெரிந்ததே உண்மையில் நல்ல சம்ப். ஆகவே நீங்களும் செய்வதாக இருந்தால், விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டுவதற்கு முன்னால், வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து நீங்களே ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்வாரியத்துக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தால், அது இரவு இரண்டு மணியைத்தான் தேர்ந்தெடுக்கும்.