கோழிக்குத் திறப்பு விழா

எழுபதுகளில் அம்பத்தூர் மேனாம்பேட்டில் கோழியை வெளியே விடுவது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. விடிந்ததும் எங்கள் ஆயா கோழிமேல் கவிழ்த்த கூடையைத் தூக்குவாள், அவ்வளவுதான். தொழிற்பேட்டை 1964-லேயே வந்துவிட்டது என்றாலும் ஏரித் தண்ணீரில் அப்போதும் நெல் விளைந்தது. அறுப்பு முடிந்த வயலில் கோழிகள் பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்தால் அவையாகவே வந்து அடையும். வேலி இருந்தது, கீரைப் பாத்திக்கு. கோழி உள்ளே வந்து கிளறாதிருக்க முள் வெட்டிச் சுற்றிக் கட்டியது. இன்று எங்கள் வீட்டில் கீரை தொட்டியில் வெளியே நிற்கிறது, கோழிதான் கம்பி வலைக்குள்.

அதற்காக அந்தக் காலத்தில் கோழிக்குப் பூரண சுதந்திரம் என்று எண்ண வேண்டாம். கூடையைத் தூக்கும் முன் ஆயா ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்து, பின்பக்கம் விரல் வைத்துப் பார்ப்பாள். "இன்னைக்கு இருக்குது" என்று தீர்ப்பு வந்தால் அதற்கு வீட்டுக் காவல். முட்டையிட்டு, கொக்கரித்துத் தெருவுக்கே தெரிவித்த பிறகுதான் விடுதலை. அப்படியும் ஒன்றிரண்டு தப்பித்துப் போய் அடுத்த வீட்டு வைக்கோல் போரில் இட்டுவிடும். முட்டை கோழிக்காரிக்கா, வைக்கோல்காரிக்கா? பங்காளிகளின் பாகப்பிரிவினைகூட இதைவிடச் சீக்கிரம் முடிந்ததுண்டு. சந்தையில் வாங்கிய புதுக்கோழி என்றால் சில நாள் காலில் கயிறு கட்டித் திண்ணைத் தூணோடு போட்டுவைப்பாள். இடம் பழகினால்தான் அவிழ்ப்பு.

பொற்காலம் என்றும் சொல்ல மாட்டேன். பருந்து குஞ்சைத் தூக்கும், கீரி கழுத்தைக் கடிக்கும். இவையெல்லாம் சில்லறை நஷ்டம். வெள்ளைக் கழிச்சல் வந்தால்தான் தெருவே காலியாகும். அதற்கு ராணிக்கேத் என்று இமயமலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் இருப்பதோ, தடுப்பு மருந்து இருப்பதோ ஆயாவுக்குத் தெரியாது. தூங்கி வழியும் கோழியை மாலைக்குள் குழம்பாக்கிவிடுவதுதான் அவள் அறிந்த கால்நடை வைத்தியம். இப்போது கால்நடைத் துறை முகாம் போட்டு இலவசமாகவே ஊசி போடுகிறது. இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றுமில்லை.

2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. கோழிக்கு அதனால் விளைந்த நன்மை எதுவும் தெரியவில்லை. அதற்கு முன்பே வயல் மனையாகி, மனை மாடியாகிவிட்டது. எங்களுக்குக் கொல்லையில் மிஞ்சியது ஒரு கார் நிற்கும் அளவு இடம். அதில் என் மகன் வலை அடித்து, தகரக் கூரை போட்டு, தரையில் தேங்காய் நார்த்தூள் பரப்பி, இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டான். நாட்டுக்கோழி என்று விற்றவர் சத்தியம் செய்தாராம். குஞ்சுகள் பெட்டைகளாகி முட்டையிடும் வயதும் வந்தது. மண் எப்படி இருக்கும் என்று மட்டும் அவற்றுக்குத் தெரியாது.

வெளியே விடுவதற்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, அரை வயிற்றோடு விட வேண்டுமாம். மங்கிய வெளிச்சத்தில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது, அதனால் இருட்டும் முன் தானாகத் திரும்பிவிடும் என்று மகன் விளக்கினான். சரியான பேச்சுதான். தெருக் கதவுக்குப் பூட்டு. நாய்க்கு எதிராகப் பேரன் கையில் கிரிக்கெட் மட்டை. பருந்துக்காக மகன் குடை பிடித்து நின்றான். "மாமா, நீங்க பூனையைப் பாத்துக்குங்க" என்று எனக்கும் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டு மருமகள் போனில் படம் பிடிக்கத் தயாரானாள்.

கதவு திறந்தது. ஒன்றும் வரவில்லை. எல்லாம் வாசலருகே வந்து நின்று, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தன. இத்தனை பேர் காவல் நிற்கிற இடத்துக்கு எந்தக் கோழிதான் வரும்? போனில் பேட்டரி தீரும் நிலைக்கு வந்தபோது செவலைப் பெட்டை ஒரு காலை மண்ணில் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. அப்புறம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே பின்னுக்குக் கிளறி, குனிந்து எதையோ கொத்தியது. சற்று நேரத்தில் செம்பருத்திக்கு அடியில் சாய்ந்து படுத்து, சிறகை விரித்து, காலை உதைத்துப் புரண்டது.

"தாத்தா, அதுக்கு வலிப்பு வந்துடுச்சு!" என்று பேரன் அலறினான்.

பேன் போகக் கோழி மண்ணில்தான் குளிக்கும் என்று அவனுக்குச் சொல்லி நம்பவைப்பதற்குள் கோழி குளித்தே முடித்துவிட்டது.

பழகிய பிறகு காலையிலேயே விட ஆரம்பித்தோம். விரல் வைத்துப் பார்க்கும் வித்தையை மகன் படித்த இடங்களில் யாரும் எழுதவில்லை போலிருக்கிறது. விளைவு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"சார், உங்க கோழி எங்க கார் கவருக்கு அடியில முட்டை போட்டிருக்கு."

வைக்கோல் போர் வழக்குகள் எல்லாம் நினைவுக்கு வர, பதிலைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி கீசி போட்டு வளத்ததா சார்?"

"கழிச்சலுக்குத் தடுப்பூசி மட்டும்தாங்க."

"வெளியில மேயுறதுதானே?"

"இப்பதான் மேய ஆரம்பிச்சிருக்குது."

"அப்ப சரி" என்று முட்டையோடு உள்ளே போனார். படியேறும்போது திரும்பி, "நாளைக்கும் விடுங்க சார்" என்றார்.