டன் கணக்கில் கிண்டிச் சிட்டிகை எடுத்த கதை

1898 டிசம்பரில் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியம் என்றொரு புதுத் தனிமம் இருப்பதாக பாரிஸில் அறிவித்தார்கள். வேதியியல்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். எடை என்ன? அணு எடை இல்லாத தனிமம் அவர்களுக்கு ரேஷன் கார்டு இல்லாத குடும்பம் மாதிரி. வீட்டுக்குள் பத்துப் பேர் கூச்சல் போட்டாலும் கணக்கில் கிடையாது.

கூச்சல் என்னவோ பலம்தான். பிட்ச்பிளெண்ட் தாதுவிலிருந்து யுரேனியத்தைக் கறந்த பிறகும், சக்கையின் கதிர்வீச்சு யுரேனியத்தை மிஞ்சியது. அந்தச் சக்கையை போஹிமியாவின் யோகிம்ஸ்தாலில் பைன் காட்டுக்குள் கொட்டி வைத்திருந்தார்கள். (டாலர் என்ற பெயரே அந்த ஊர் வெள்ளிக்காசு வழியாக வந்ததுதான்.) அப்போது அந்த ஊரை ஆண்ட ஆஸ்திரிய அரசு ஒரு டன் குப்பையைப் பெருந்தன்மையோடு இனாமாகக் கொடுத்தது, வண்டிச்சத்தம் மட்டும் கியூரிகள் தலையில். மூட்டையைப் பிரித்தால் பழுப்புப் பொடி, நடுநடுவே பைன் இலை.

ஆய்வுக்கூடம்? மருத்துவ மாணவர்கள் பிணம் அறுத்துப் பழகிவிட்டு, இனி பிணத்துக்கும் ஆகாது என்று கைகழுவிய கொட்டகை. மழை பெய்தால் ஒழுகும். புகை போக வழியில்லாததால் அடுப்பு முற்றத்தில். ஒரு ஈட்டுக்கு இருபது கிலோ சரக்கைக் கொதிக்கவிட்டு, ஏறக்குறைய தன் உயரமே இருந்த இரும்புக் கம்பியால் மேரி கிண்டினார். தீபாவளி லேகியத்தை ஒரு மணி நேரம் கிண்டிவிட்டு நாம் தைலம் தேடுகிறோம். இந்த அம்மாள் வருஷக்கணக்கில் கிண்டினார். நடுவில் பியர் 'போதுமே' என்று பார்த்தார். எடுபடவில்லை.

கடைசியில் ரேடியத்தோடு பேரியமும் வந்து ஒட்டிக்கொண்டது, பங்காளி மாதிரி. ரேடியம் குளோரைடு, பேரியம் குளோரைடைவிடச் சற்றே குறைவாகக் கரையும். கிடைத்த சலுகை அவ்வளவுதான். கரை, காய்ச்சு, படிகத்தைப் பொறுக்கு, மறுபடி கரை. 1902-இல் தேறியது 0.1 கிராம். அதிலிருந்த குளோரினை வெள்ளி குளோரைடாகப் பிடித்து, எடை போட்டு, கழித்துப் பார்த்தார்: 225, ஒன்று முன்னே பின்னே. இன்றைய கணக்கு 226.03. ஒழுகுகிற கொட்டகைக்கு இது மோசமா?

ஆனாலும் 1906-இல், பியர் இறந்து நாலு மாதம்கூட ஆகாத நிலையில், 82 வயது இயற்பியலாளர் லார்ட் கெல்வின் லண்டன் டைம்ஸுக்கு எழுதிப் போட்டார்: ரேடியம் தனிமமே இல்லையாம், ஈயமும் ஹீலியமும் கூடிய சேர்மமாம். பெரியவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினால் இப்படித்தான். மேரி மறுபடி தராசை எடுத்தார். 1907-இல் 0.4 கிராம் உப்பு. எண் 226-ஐத் தாண்டியது. 1910-இல் சக வேதியியலாளர் ஆந்த்ரே தெபியெர்னுடன் சேர்ந்து உலோகத்தையே பிரித்துக் காட்டினார். பார்க்கத்தான் கெல்வின் இல்லை.

அதே வருஷம் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் கதிரியக்க அலகுக்கு 'கியூரி' என்று பெயர் வைத்தார்கள். அலகு பொடியாக இருக்கட்டும் என்றவர்களிடம் மேரி மசியவில்லை. ஒரு முழு கிராம் ரேடியத்துக்கு ஈடாக்கிவிட்டுத்தான் விட்டார். கதிரியக்கத்தை முதலில் கண்ட பெக்கரல் பெயரிலும் பிற்பாடு ஓர் அலகு வந்தது. 3,700 கோடி பெக்கரல் சேர்ந்தால் ஒரு கியூரி.