மிஷினு நல்லா வாசிக்குதப்பா!

ஆல்பம் போட்டிருக்கியாமே தம்பி, கேட்டேன். கேக்காம இருக்க முடியுமா, உன் ரூமுக்கும் என் திண்ணைக்கும் நடுவுல ஒரு சுவருதானே இருக்கு. மொத ரெண்டு நிமிஷம் நம்ம போர் மோட்டாருதான் தண்ணி எடுக்காம உறுமுதுன்னு நெனச்சு சுவிட்சை அணைச்சேன். அப்பறமும் நிக்கல. சரி, இது கலைதான்னு புரிஞ்சுக்கிட்டேன்.

சத்தத்துக்குப் பயந்தவன் இல்ல நான். காரைக்கால்காரன் அதுக்குப் பயப்படலாமா? ஆனி மாசம் யாருக்கு மாங்கனி வீசுறோமோ அந்தக் காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டுச் சுடுகாட்டுல பேய்ங்க ஆடுறதைப் பாடுறப்பவே துத்தம், கைக்கிளைன்னு சுரத்தையும், கொக்கரை, தக்கை, குடமுழா, மொந்தைன்னு வாத்தியத்தையும் வரிசைகட்டி நிறுத்தினவங்க. அதனால உன் பாட்டுல பேய் கத்துதுன்னு இந்த ஊருல எவனும் குத்தம் சொல்ல முடியாது. குத்தம் வேற எடத்துல இருக்கு.

உன் கூட்டாளிங்க வந்து கேட்டானுவளே, என்ன சொன்னானுவோ? "என்னா மிஷினுடா, என்னா பேஸுடா! எவ்வளவு ஆச்சு?" விலையைக் கேட்டானுவோ, வித்தையைக் கேட்டானுவளா? நீயும் மாப்பிள்ளை கணக்கா சிரிச்சுக்கிட்டு நின்ன. அந்தப் பாராட்டு உனக்கில்லப்பா, உன் கரண்டுப் பெட்டிக்கு.

இதே மாதிரிப் பேச்சு காரைக்கால் பக்கத்து நம்ம தருமபுரத்துல ஏழாம் நூற்றாண்டுலயே நடந்திருக்கு. திருஞானசம்பந்தர் போற எடமெல்லாம் கூடவே போயி யாழ் வாசிச்சவரு திருநீலகண்ட யாழ்ப்பாணர். கூட அவரு சம்சாரம் மதங்கசூளாமணி. யாழ்ப்பாணரோட அம்மா பொறந்த ஊரு நம்மூருதான்னு சேக்கிழார் எழுதி வெச்சிருக்காரு. ஊருக்கு வந்தவரைச் சொந்தக்காரங்க சுத்தி உக்காந்துக்கிட்டு, "உங்க யாழ் இருக்கப் போயிதான் சம்பந்தர் பதிகமெல்லாம் ஊரெல்லாம் பரவுது"ங்கற மாதிரிப் பேசிட்டாங்க. நம்ம ஜனத்துக்கு அப்பவும் வாய் சும்மா இருக்கல பாரு. கேட்ட மனுஷன் நடுங்கிப் போயிட்டாரு. நீயா இருந்தா அதை ஸ்டேட்டஸ்ல போட்டிருப்ப.

அவரு என்ன செஞ்சாரு? நேரா சம்பந்தர்கிட்ட போயி, யாழுல அடங்காத பதிகம் ஒண்ணு பாடணும்னு கேட்டாரு. தான் தோக்குறதுக்குத் தானே விண்ணப்பம் போட்ட வித்துவானை வேற எந்த ஊருல பாத்திருக்க? சம்பந்தர் பாடினாரு. மொதத் திருமுறையில 136-ஆவது பதிகம். யாழ் தொடர முடியாம திணறிப் போச்சு. இசை தெரிஞ்சவங்க காரணம் சொல்றாங்க: யாழுல நரம்புக்கு ஒரு சுரம், வீணை மாதிரி மெட்டுல அழுத்தி இழுக்க வழியில்ல. குரலு ஒரு சுரத்துலேந்து இன்னொண்ணுக்கு வளைஞ்சு கொழைஞ்சு போற எடத்துல யாழுக்கு வேலையே இல்ல. அந்தப் பண்ணுக்கே யாழ்மூரின்னு பேரு. இப்ப அடாணா ராகத்துல பாடுறாங்க. நம்ம கோயில் சாமிக்கும் யாழ்மூரிநாதர்னே பேராயிடுச்சு.

வெக்கத்துல யாழை உடைக்க ஓங்கினாரு பாணர். சம்பந்தர் தடுத்து வாங்கி, இறைவன் பெருமையெல்லாம் இந்தக் கருவிக்குள்ள அடங்கிடுமா, வந்த வரைக்கும் வாசிங்கன்னு திருப்பிக் கொடுத்தாரு. கவனிச்சியா? உடைக்கவும் சொல்லல, புதுசா ஒண்ணு வாங்கவும் சொல்லல. உனக்கு மிஷின் திணறினா மறுநாளே பார்சல்காரன் வாசல்ல நிக்கிறான்.

பழங்கதைன்னு ஒதுக்காதே, கரண்டு ஓடுற கதையும் ஒண்ணு இருக்கு. பம்பாய் சினிமாவுக்கு வாசிச்சுக்கிட்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல எச்.எம்.வி.க்காக ஒரு தட்டு பதிவு பண்ணாரு. டிஸ்கோ தாளத்துல பத்து ராகம். பூபாளி, மால்கௌன்ஸ், யமன். நம்ம கணக்குல மோகனம், இந்தோளம், கல்யாணி. மூணே மிஷினு, மூணும் ஜப்பான் ரோலண்ட் கம்பெனிது. தாளத்துக்கு 808, ராகத்துக்கு ஜூபிடர்-8, அடியில உருட்ட 303.

அந்த 303 இருக்கே, அதைத் தயார் பண்ணது பேஸ் கிடார் வாசிக்க ஆள் கிடைக்காதவன் தனியா உக்காந்து பழகுறதுக்கு. நெசக் கிடார் மாதிரி அது கேக்கவே இல்ல. 1984-லயே கம்பெனி நிறுத்திடுச்சு. ஆனா அதுல ஒரு சங்கதி: ஒரு சுரத்துலேந்து அடுத்ததுக்கு வெட்டாம வழுக்கிக்கிட்டே போற ஏற்பாடு. யாழுக்கு வராத வேலை! தட்டைப் போட்டுப் பாரு. 808 அலுக்காம "தும் தும்"னு அடிக்குது, 303 தம்பூராவுக்குப் பதிலா நின்ன எடத்துலயே கொப்புளிச்சுக்கிட்டுக் கெடக்குது, மேல ராகம் நெளிஞ்சு ஓடுது. அப்ப அது விலை போகல. அஞ்சு வருஷம் கழிச்சு சிகாகோ பசங்க, இவரு தட்டைக் கேக்காமலே, அதே 303-ஐத் திருகி ஆசிட் ஹவுஸ்னு ஒண்ணை ஆரம்பிச்சானுவோ. 2010-ல தட்டை மறுபடி வெளியிட்டப்ப, 1982-ல இதை ஒருத்தன் செஞ்சிருக்க முடியாது, எவனோ விளையாடுறான்னு சந்தேகப்பட்டவனும் உண்டு. அவரு 2015-ல போய்ச் சேர்ந்தாரு; அதுக்குள்ள வெளிநாட்டு மேடை ஏறி வாசிச்சும் காட்டிட்டாரு. ரோலண்ட் நெனைக்காத வேலையை ரோலண்ட் பெட்டியிலயே வாங்கினாரே, அங்க மிஷினுக்குப் பேரு போகுமா?

உன் தட்டுல என்ன நடக்குது? மிஷினுக்குள்ள கம்பெனிக்காரன் போட்டு வெச்ச சத்தத்தை எடுத்து, திருப்பிப் போட்டு, மேல கொஞ்சம் எதிரொலி ஊத்தியிருக்க. எங்கயும் அது திணறல. திணற வெக்கிற அளவுக்கு நீ எதுவும் கேக்கவுமில்ல. பல கோயில்ல கரண்டு மேளம் இருக்கு பாரு, பூசைக்கு சுவிட்சைப் போட்டா மோட்டாரு சுத்தி முரசையும் மணியையும் தானே அடிக்கும். அதுவும் தாளம் தப்பாது. அதுக்கு யாரும் கலைமாமணி கொடுக்கல.

அதனால கெழவன் சொல்றதைக் கேளு. ஒரு வருஷத்துக்குப் புதுப் பெட்டி வாங்காதே. இருக்கிறதுல ஒண்ணை எடுத்து, அதால முடியாததை அதுகிட்ட கேளு. ஒரு அடாணாவைப் போயி ஓதுவார்கிட்ட கேட்டுட்டு வந்து, அந்த வளைவைப் பிடிக்கச் சொல்லு. முக்கும், முனகும், வழுக்கும். அந்த முனகலைப் பதிவு பண்ணு. அது எந்தக் கம்பெனியும் போட்டு வெக்காத சத்தம், உன்னுது.

அப்பறம் பாட்டைப் போட்டுக் காட்டு. எவனாச்சும் "மிஷின் என்ன விலை?"ன்னு கேட்டா மறுபடி போயி உக்காரு. "அந்த எடத்துல எப்படிப்பா வளைச்ச?"ன்னு கேட்டா, வெத்தலை சீவலோட என்கிட்ட வா, ஊரைக் கூட்டி நானே உனக்கு மாலை போடுறேன். அதுவரைக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல அந்தப் பேஸைக் குறைச்சு வை. நீ எதை வேணா பரிசோதனை பண்ணு, என் தூக்கத்தை விட்டுடு.