அரைமணி ஓய்வு கோரும் ஒரு சமையலறை

அனுப்புநர்: சமையலறைப் பிரிவின் ஒரே பணியாளர், இரண்டாம் மாடி, நங்கநல்லூர், சென்னை.

பெறுநர்: உயர்திரு தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: எங்கள் வீட்டுச் சமையலறையைத் தொழிற்சாலையாகப் பதிவு செய்து, காபி குடிக்க இடைவேளை வாங்கித் தரக் கோருதல் - தொடர்பாக.

ஐயா,

தொழிற்சாலைகள் சட்டம், 1948, பிரிவு 55 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அரைமணி ஓய்வு கொடுக்காமல் எந்தத் தொழிலாளியிடமும் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது அது. வடை மடித்து வந்த தாளில்தான் நான் இதைப் படித்தேன். யாரோ ஒரு சட்ட மாணவர் தேர்வு முடிந்ததும் கைடைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும்.

எங்கள் சமையலறை தொழிற்சாலைதானா என்று நீங்கள் கேட்கலாம். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. கொதிகலன் உண்டு, அது விசிலும் அடிக்கும். இரவு ஷிப்டும் உண்டு. ஆள் கணக்கில்தான் இடிக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் போதும் என்றது பழைய சட்டம். 2020ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பு அதை இருபது ஆக்கிவிட்டது. பத்துப் பேர் வேலையை ஒருத்தியே செய்கிறேன் என்பதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. இருபது கொஞ்சம் அதிகம்தான். தீபாவளி வாரத்தில் வந்தால் அதையும் காட்டிவிடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காபிக்கொட்டையில் பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி; பொடியில் நூற்றுக்கு இருபது சிக்கரி. கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறாமல் வாங்கி வரும் பொடி. விடியற்காலையில் பித்தளை ஃபில்டரின் மேல் அடுக்கில் அதைப் போட்டு, லேசாக அமுக்கி, கொதிக்கும் நீரை வட்டமாக ஊற்றி மூடுவேன். டிகாஷன் இறங்கக் கால்மணிக்கு மேலாகும். தட்டினாலும் உலுக்கினாலும் பலனில்லை, பொடிதான் கலங்கும். யார் கத்தினாலும் அவசரப்படாத ஒரே ஜீவன் எங்கள் வீட்டில் அதுதான். அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

முதல் டிகாஷன் மாமனாருக்குப் போகும். சர்க்கரை இல்லாமல், ஆனால் சர்க்கரை இல்லை என்பது நாக்குக்குத் தெரியாத அளவுக்குத் திக்காக. மாமியாருக்கு நுரை நிற்க வேண்டும், நுரை நிற்க ஆற்ற வேண்டும், ஆற்றினால் "ஆறிப்போச்சே" என்பார். என் வீட்டுக்காரர் காபியை விட்டு வெகுநாளாகிறது. அதனால் என் டம்ளரிலிருந்து ஒரு வாய் மட்டும் குடிப்பார். அவர் வாய் பெரிது.

மிச்சத்தோடு பால்கனிக்குப் போய் உட்கார்ந்தால், நான் உட்கார்ந்த சத்தத்திலேயே வீடு விழித்துக்கொள்ளும். கணக்கு நோட்டில் கையெழுத்து, ஜோடி தொலைந்த சாக்ஸ், சிலிண்டர்காரர், கீழ்வீட்டிலிருந்து "மோட்டார் போட்டாச்சா?" எல்லாம் முடித்துத் திரும்பினால் டம்ளரில் ஆடை படிந்திருக்கும். மறுபடி சுடவைத்த காபியைப் பற்றி என் கருத்தை இங்கே எழுத முடியாது. இது அரசு அலுவலகத்துக்குப் போகும் கடிதம்.

நான் வேலைக்கும் போகிறவள். அலுவலகத்தில் இடைவேளைக்குப் பஞ்சமில்லை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆனால் அங்கே இருப்பது பொத்தானை அமுக்கினால் பழுப்பு நிற வெந்நீர் விடும் இயந்திரம். நல்ல காபி இருக்கும் இடத்தில் இடைவேளை இல்லை, இடைவேளை இருக்கும் இடத்தில் காபி இல்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பதற்குத்தான் இந்த மனு.

அரசாங்கத்துக்கு அளக்கத் தெரியாமல் இல்லை. காபித்தூளில் சிக்கரி நூற்றுக்கு 49க்கு மேல் போகக் கூடாது, எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. காபி குடிக்கும் நேரத்தில் எவ்வளவு இடையூறு கலக்கலாம் என்பதற்குத்தான் விதி இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் எங்கள் நிமிடங்களையும் அளந்துவிட்டது. சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றது 2019 கணக்கெடுப்பு. 2024இல் அது 289. குறைந்த பத்து நிமிடம் ஒரு டம்ளர் காபிக்குத் தாராளம். அது யார் வீட்டுக்குப் போனது என்று விசாரித்துச் சொல்லவும். ஆண்கள் பக்கமும் 97 நிமிடம் 88 ஆகியிருக்கிறது. அந்த ஒன்பது நிமிடம் எங்கே என்று எனக்குத் தெரியும், சோபாவில்.

2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். மனதாரச் சந்தோஷப்பட்டேன். எங்கள் வீட்டில் நாற்காலிகள் நிறையவே உண்டு. எல்லாவற்றிலும் மடிக்க வேண்டிய துணி உட்கார்ந்திருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் பதிவு செய்வதுதான் நியாயம். "உன்னை யார் காபி குடிக்க வேண்டாம்னு சொன்னது?" ஒருவரும் சொல்லவில்லைதான். எல்லோரும் நல்லவர்கள், என்மேல் பிரியமானவர்கள். வழக்கின் சிக்கலே அதுதான். முதலாளி யார் என்று தெரியாத தொழிற்சாலைக்கு நோட்டீஸை யார் பெயரில் அனுப்புவீர்கள்? வேலைநிறுத்தம் செய்யலாம் என்றால், அன்றைக்கும் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற யோசனை எனக்குத்தான் வரும்.

ஆகவே அரைமணியிலிருந்து இறங்கி வருகிறேன். பத்து நிமிடம், பால்கனிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், இவ்வளவுதான் கோரிக்கை. முன்னறிவிப்பில்லாமல் நேரில் ஆய்வுக்கு வாருங்கள். காலை ஏழரை மணி உகந்தது. நீங்கள் அடையாள அட்டையைக் காட்டியதும் என் மாமனார் செய்தித்தாளை மடித்து வைப்பார், துணியை ஒதுக்கி உட்காரச் சொல்வார், உள்பக்கம் திரும்பி "சாருக்கு ஒரு காபி" என்பார். சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பதை மட்டும் முன்கூட்டியே தபாலில் தெரிவித்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி பணியாளர்